உண்டியலில் விழுந்த தேள்

மாமா சார்ஜாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, அவருடைய பெட்டிகளில் ஒன்றை இரண்டு பேர் சேர்ந்துதான் ஆட்டோவிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அந்தக் கனத்தைப் பார்த்ததும் அம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா தெருப்பக்கத்து ஜன்னலை மூடினார்.

மேலே இரண்டு சட்டைகள், ஒரு சென்ட் பாட்டில், பால்பவுடர் டின். அதற்குக் கீழே பழைய பேப்பரில் சுற்றிய சிறு சிறு பொட்டலங்கள். முதல் பொட்டலத்தை அப்பாவே பிரித்தார். உள்ளே கட்டைவிரல் உயரத்தில், கோடரி ஏந்திய ஒரு கோணமூஞ்சிப் பிசாசு நின்றது. இரண்டாவதில் எலும்புக்கூடு. மூன்றாவதில் சிறகு ஒடிந்த ஒரு பறவைநாகம்.

"பெட்டி பூராவும் இதானா?" என்று அப்பா கேட்டார்.

"பூராவும் இதான் அத்தான்" என்றார் மாமா. குரலில் பெருமை இருந்தது. அப்பா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. சார்ஜாவில் இந்த மாதிரிப் படைகளை விற்கிற ஒரு கடையின் கிடங்கில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்கள் இவற்றை மேசையில் அணிவகுத்து, இஞ்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்துவார்களாம். பிற்பாடு எல்லாம் பிளாஸ்டிக்காகிவிட, எண்பதுகளில் ஈயத்தில் வார்த்த பழைய உருவங்களைத் தேடிச் சேர்ப்பதற்கென்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் உண்டாகியிருந்தது. சங்கரன்கோவிலில் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று.

ஊரில் அவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடி அறைதான். யாரோ ஒரு வெளிநாட்டுப் பையன் எந்தக் காலத்திலோ அப்பிவைத்த கெட்டிப் பெயின்ட்டை நெயில்பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். ஈயம் வெளுத்து வந்ததும் உருவத்தை ஒரு சோடா மூடியில் மெழுகு வைத்து நிறுத்துவார். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் லென்ஸைச் சொருகிக்கொண்டு, நான்கைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையால் பிசாசுக்குக் கண் எழுதுவார். அப்போது நான் மூச்சு விடுவதுகூட அவருக்குத் தொந்தரவு. முடிந்த பிறகு என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வார், ஈயம் வயிற்றுக்கு ஆகாது என்று.

அம்மா அந்த மேசையைத் துடைக்க மாட்டாள். ஒரு நல்ல இடத்திலிருந்து பெண் வீட்டார் வந்தால் இந்தக் கழுதைகளை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்பதுதான் அவளுடைய கவலை.

எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த வருஷம் மாமாவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பழைய ஈயப் படை சேர்ப்பவர்கள் பெங்களூரில் கூடுகிறார்கள், வண்ணம் தீட்டியதற்குப் போட்டியும் உண்டு என்று இணையத்தில் யாரோ அவருக்கு எழுதியிருந்தார்கள். அவர் தீட்டியதை விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கப் போவது அதுவே முதல் தடவை. எதைக் கொண்டுபோவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தேள்மேல் சவாரி செய்யும் காப்ளின் ராஜா, அதாவது அந்தக் கோணமூஞ்சிப் பிசாசுகளுக்கெல்லாம் ராஜா. ராஜா சார்ஜாப் பெட்டியிலேயே வந்தவர். மாமாவிடம் வேறு ஈயத்தேள்கள் இருந்தும், தனக்குப் பொருந்தும் தேள் கிடைக்காமல் பல காலம் காலை அகட்டி அந்தரத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்தத் தேளுக்காக இங்கிலாந்தில் இருக்கும் ஒரு ஆளுக்கு மாமா ஒரு எலும்புக்கூட்டுக் குதிரைப் படையையே கொடுத்திருந்தார்.

காப்ளின் ராஜாவுக்கு அது ராட்சதத் தேள். எங்களுக்கு அது சரியாகத் தேள் அளவு. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

படத்தைப் பார்த்துத் தீட்டுவதில் மாமாவுக்குத் திருப்தி இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த கல்லைப் புரட்டி ஒரு நிஜத் தேளைப் பிடித்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார். அதை ஒரு பக்கமும் ஈயத்தேளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேளின் முதுகு கறுப்பில்லை, கறுப்புக்குள் ஒரு பச்சை மினுமினுப்பு இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். கால்கள் கருப்பட்டிப்பாகு நிறம். கடைசியாக வார்னிஷ் பூசி முடித்த மகிழ்ச்சியில், பாட்டில் மூடியைச் சரியாகத் திருகாமல் சாப்பிட இறங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அம்மா அந்தத் தேளை அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சந்தித்தாள். அப்பா அதை முறத்தில் தள்ளிக் காம்பவுண்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். வேறு ஏதும் இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடியதில் மிகுந்த அக்கறை காட்டியவர் மாமாதான். கட்டிலுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

எங்கள் ஊரில் பாம்போ தேளோ வீட்டுக்குள் வந்தால், அது எப்படி வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அதன் உருவத்தை வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டுவிடுவார்கள். கோயில் வாசல் கடைகளில் தகட்டில் அச்சடித்த பாம்பும் தேளும் பூரானும் கிடைக்கும். ஃபேன் காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லிய தகடு.

அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். சாயங்காலம் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்து, தேளைக் காணவில்லை என்றார். அப்பா அவசரமாகக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். அந்தத் தேள் இல்லை அத்தான், ஈயத்தேள் என்று மாமா விளக்கினார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அதா, நான்தான் எடுத்து உண்டியல்ல போட்டேன். ஆடித்தபசுக் கூட்டத்துல கடைப்பக்கம் நிக்க முடியாது. நம்ம வீட்டுலதான் பெட்டி பெட்டியா கெடக்குல்லா."

மாமா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

மறுநாளே கோயில் அலுவலகத்துக்குப் போனார். கூடவே இன்னொரு ஈயத்தேளையும் எடுத்துப் போனார். இது அதைவிடப் பெரியது, இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள் என்று கேட்டார். உண்டியலுக்குள் போனது அம்மன் சொத்து, அம்மன் பண்டமாற்று செய்வதில்லை என்று அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். திருவிழா முடிந்ததும் உண்டியல் எண்ணுவார்கள், விருப்பம் இருந்தால் அந்தச் சேவைக்கு வரலாம் என்றும் சொன்னார். அதுவரை எந்தச் சேவைக்கும் போகாத மாமா அன்றே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். எண்ணிக்கை வியாழக்கிழமை. பெங்களூர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

அம்மா வழக்கமாகவே மகளிர் குழுவோடு எண்ணப் போகிறவள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போய் மண்டபத்துத் தூண் ஓரமாக உட்காரவைத்தாள். விரித்திருந்த ஜமுக்காளத்தின்மேல் உண்டியல் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மாமா ஒரு நோட்டைக்கூட எண்ணவில்லை. கொட்டுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான்காவது மூட்டையோ ஐந்தாவதோ, ரூபாய் நோட்டுகளுக்கு நடுவில் அது வந்து விழுந்தது. கொடுக்கை நிமிர்த்தி, சரியாக ஒரு பெண்ணின் மடிக்கு முன்னால்.

அந்த அம்மாள் அலறியது தெப்பக்குளம் வரை கேட்டிருக்கும். பெண்கள் வரிசை மொத்தமாக எழுந்து ஆண்கள் வரிசைமேல் விழுந்தது. அதிகாரி நாற்காலியில் ஏறிவிட்டார். ஒருவர் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வர, இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேற எங்கன வேணாலும் அடிங்க, இந்தக் கோயிலுக்குள்ள தேளை அடிக்கலாமா என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்ததால் துடைப்பம் பாதியில் நின்றது.

இந்தக் களேபரத்தில் இடத்தைவிட்டு நகராதவர்கள் மாமாவும் அம்மாவும் நானும் மட்டும்தான். மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து நிதானமாக நடந்துபோய், குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துத் தேளை எடுத்தார்.

 மந்திரம் தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

நாற்காலிமேல் நின்றபடியே அதிகாரி, "அப்படியே வெளிய கொண்டுபோய் விட்டிருங்க" என்றார்.

மாமா அதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கோயில் அதிகாரி வாயாலேயே உத்தரவு கிடைத்தது. வெளியே போகிறவர்களைச் சோதனை போட்டு அனுப்ப வேண்டிய காவலாளி, மாமாவைக் கண்டதும் பத்தடி ஒதுங்கி வழிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவர் எதிர்பார்க்காதது, கூட்டமும் பின்னாலேயே வரும் என்பது. கையால் தேள் பிடித்தவர் அதை எங்கே விடுகிறார் என்று பார்க்க ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். காவலாளியும் வந்தார். வேறு வழியில்லாமல் மாமா மதிலோரம் ஒரு நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே தேளை இறக்கிவைத்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். தேளும் காத்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, அசைய மாட்டேங்கு?" என்றார் காவலாளி.

"பயந்து கெடக்கு" என்றார் மாமா. அன்றைக்கு அவர் சொன்ன முதல் பொய் அதுதான். "நீங்க போய் வேலையப் பாருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"பிள்ளையள் வெளையாடுத எடம். கொட்டிட்டா யாரு பதில் சொல்லது? அது போற வரைக்கும் நானும் நிக்கேன்."

சினைத்தேளாக இருக்கும், அதுதான் நகரவில்லை என்று ஒருவர் கருத்துச் சொன்னார். செத்தமாதிரி நடிக்கிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு குச்சியோடு வந்தார். மாமா குறுக்கே விழுந்து, குச்சி வேண்டாம், குச்சியால் மட்டும் தொடாதீர்கள் என்று கெஞ்சினார். பெயின்ட் உதிர்ந்துவிடும் என்ற பயம் அவருக்கு. கூட்டம் அதை ஜீவகாருண்யம் என்று எடுத்துக்கொண்டது. குச்சிக்காரர் வெட்கப்பட்டுக் குச்சியைக் கீழே போட்டார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் போய், கொடுக்கைப் பிடித்துத் தேளைத் தூக்கினாள். எல்லோரும் பின்வாங்கினார்கள். அம்மா அதைத் திருப்பி, பெயின்ட் படாத சாம்பல்நிற அடிவயிற்றைக் காட்டினாள்.

"இது ஈயம். என் நேர்ச்சை. உள்ள இருக்க வேண்டியது" என்று காவலாளியிடம் சொன்னாள். பிறகு தம்பி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏலே, அம்மனுக்குக் கொடுத்தத எடுத்துட்டு ஓடுதியோ?" என்றாள். மாமா நந்தியாவட்டைச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் அதிகாரி அதை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது ஈயம்தானா என்று சுண்டிப் பார்த்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். தகடுகள் கிடந்த குவியலில் போட மனமில்லாமல், மேசைமேல் தனியாக ஒரு தட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பெங்களூருக்குப் போகத்தான் செய்தார். காலை அகட்டி அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் காப்ளின் ராஜாவோடுதான் போனார், பரிசு கிடைக்கவில்லை. ஆனால் எனக்குத் துல்லியமாக நினைவிருப்பது, வியாழக்கிழமை நாங்கள் மூவரும் வீட்டுக்கு நடந்து வந்த வழிதான்.

ரதவீதி திரும்பியதும் மாமா ஆரம்பித்தார். மேசையில் இன்னும் மூன்று தேள் இருந்ததே, அதில் ஒன்றை எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். கோபத்தைவிட அலுப்பே அதிகம் தெரிந்தது.

"மத்ததெல்லாம் பாத்தாலே வெளையாட்டுச் சாமான்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "அதப் போய் அம்மனுக்குக் கொடுக்க முடியுமா? இது ஒண்ண எடுக்கும்போதுதான் கை கூசிச்சு."

மாமா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த மோட்டார் பைக்காரர் ஹாரன் அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"கூசிச்சா?"

"ஆமாலே. ரெண்டு மட்டம் கைய பின்னுக்கு இழுத்துட்டேன்."

வெயில் அதிகமாக இருந்ததால் அவருக்கு மயக்கம் வருகிறதோ என்று நினைத்தேன். அவர் எங்களை ஓரமாக இருந்த கடைக்குக் கூட்டிப்போய் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். இத்தனை வருஷம் அவர் தேடிச் சேர்த்த படை முழுவதையும் அம்மா விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டாள், அவர் திருப்பி ஒரு வார்த்தை சொல்லாமல் சர்பத் வாங்கித் தருகிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்காக நான் அன்று முழுவதும் அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து, அப்படியே இருக்கவும் செய்தேன்.

சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அடுப்படியில் மாமாவின் குரல் கேட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், முதலில் கூசியது கொடுக்கைத் தொட்டபோதா முதுகைத் தொட்டபோதா, சரியாக யோசித்துச் சொல்லு யக்கா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.