மைக் இல்லாத வயர்லெஸ்

சாதுல்லா பாய்க்குக் கள்ளக்குறிச்சியில் புளி, கடுக்காய் மண்டி. கல்வராயன் மலையில் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பது அவருடைய அத்தா காலத்திலிருந்து வரும் தொழில். வாரம் ஒரு தடவை பழைய ஜீப்பில் கச்சிராயபாளையம் வழியாக மலையேறுவார், மூட்டைகளோடு இறங்குவார். இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஜீப்பில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது.

ஹாம் ரேடியோ என்பார்கள். பரீட்சை எழுதித் தேறினால் சாதாரண ஆட்களும் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளலாம் என்று சர்க்காரே லைசென்ஸ் கொடுக்கும். சாதுல்லா அந்தப் பரீட்சையைத் தந்தியடிப்பது உட்பட எழுதித் தேறி, லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டியிருந்தார். பெட்டி என்னவோ மலிவுச் சரக்குதான். வண்டியில் பொருத்திப் பேசுவதற்கென்று செய்த ஜப்பான் பெட்டி, மெட்ராஸில் ஒருவர் புதுசு வாங்கியதும் தள்ளிவிட்டது. நாலைந்து அலைவரிசைக்கு மேல் பிடிக்காது. திருகு குமிழ் ஒன்று உடைந்துபோய், அந்த இடத்தில் பற்பசை மூடியை ஒட்டியிருந்தார். வெயில் ஏறினால் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கால் பேசும். அதைத்தான் மனுஷன் தினமும் மல் துணியால் துடைத்துத் துடைத்து வைப்பார். "உங்க சின்ன சம்சாரம் குளிச்சாச்சா?" என்று அவருடைய மனைவி ரஜியா கேட்காத நாள் இல்லை.

ஊர்க்காரர்களுக்கு வயர்லெஸ் என்றால் போலீஸ், வேறு அர்த்தமே கிடையாது. பாய் துப்பு சொல்கிறார் என்று நாலு பேர் சொன்னார்கள், துபாய்க்குப் பேசுகிறார் என்று நாலு பேர் சொன்னார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நிஜத்தில் அவர் துபாய்க்கும் பேசவில்லை, டில்லிக்கும் பேசவில்லை. மலைமேல் கரியாலூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சூசை ஒருவரோடுதான் பேசினார்.

சூசை சங்கராபுரம் பக்கத்துக் கிறிஸ்துவக் குடும்பம். மனைவி பவுலினோடும் சின்ன மகளோடும் மலைமேல் குடியிருந்தார். பாயின் ஜீப்பில் ஒரு நாள் இந்தப் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, அவரும் பரீட்சை எழுதி, இதைவிட மட்டமான ஒரு பெட்டியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து பாய் ஜீப்பில் உட்கார்ந்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியார் அங்கே தயாராக இருப்பார். என்ன பெரிய பேச்சு! மலையில் மழையா, புளி விலை என்ன, இன்றைக்கு என்ன குழம்பு. நடுவில் வாத்தியாரின் மகள் டயானா பின்னாலிருந்து, "பாய் மாமா, கமர்கட்டு!" என்று கத்துவாள். லைசென்ஸ் இல்லாதவர்களோடு பேசக்கூடாது என்பது சட்டம். அதனால் பாய் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டு, அடுத்த நடையில் ஒரு பொட்டலம் கமர்கட்டோடு போய் நிற்பார். அவருக்குக் குழந்தை இல்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு அந்தப் பக்கத்து விவசாயக் குடிகள் ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கினார்கள். சாலையோரப் புளியமரங்கள் அடியோடு சாய்ந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை, போன் கம்பிகளும் அறுந்துபோயின. காய்க்கிற மரத்தை வெட்டுகிறார்களே என்று பாய்க்கு வயிறு எரிந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று அவர் சொன்னதில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் மூட்டை தூக்க வந்த அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மண்டியில் தினமும் பார்த்தவர் அவர்.

முதல் நாளே பொன்னுரங்கம் வந்தார். மரவள்ளி போடுகிற விவசாயி, மறியலில் முன்னால் நிற்கிற ஆள், பாய்க்குச் சின்ன வயசுப் பழக்கம்.

"பாய், ஜீப்பு மேல ஒரு ஏரியல் கம்பி ஆடிக்கினு நிக்குது பாரு, அத்த கழட்டி உள்ள போடு. எங்க பசங்க கொதிச்சுப் போய்க் கெடக்கறானுங்க. போலீஸ் வண்டின்னு கொளுத்திட்டானுங்கன்னா நான் இன்னா பண்றது?"

"கழட்டிடறேன். ரோட்ட அடச்சிட்டீங்களே, மலையிலருந்து ஆஸ்பத்திரி கேசு வந்தா?"

"இன்னா பாய், நாங்க மனுசங்க இல்லியா? கச்சிராயபாளையம் ரோட்ல நான்தான் நிக்கறேன். என் பேரச் சொல்லு, வழி வுடுவாங்க."

பொன்னுரங்கம் போன சூட்டோடு இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. "லைசென்ஸ் இருக்கு, பெட்டிய நான் தொடமாட்டேன். மைக்க மட்டும் குடுத்துடுங்க பாய். எங்க எங்க போலீஸ் நிக்குதுன்னு யாருக்காவது தகவல் போச்சுன்னா உங்களுக்கும் வம்பு, எனக்கும் வம்பு. எல்லாம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து தர்றேன்." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாய் கம்பியைக் கழற்றி உள்ளே போட்டார், மைக்கைக் கழற்றி வெளியே கொடுத்தார். வேறு மைக் வாங்கலாம் என்றால் ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தார். மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. ஜீப் மண்டிக்குப் பின்னால் முற்றத்தில் நின்றது. வெளிக்கதவைச் சாத்திவிட்டு, கம்பியை மாட்டி, பெட்டியைப் போட்டார். பேசத்தானே முடியாது, கேட்கலாமே.

கொர்ரென்ற இரைச்சலுக்கு நடுவிலிருந்து சூசையின் குரல் வந்தது. "பாய்... பாய்... கேக்குதா? யாராச்சும் கேக்கறீங்களா? கொழந்தைக்கு முடியல. யாராச்சும் பதில் சொல்லுங்க." மறுபடியும் அதையே சொன்னார். எவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ, தொண்டை கட்டியிருந்தது.

பாய் கம்பித் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று ஜீப்புக்குள் துழாவினார். சத்தம் கேட்டு வந்த ரஜியாவின் வளையலில் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்காத குறையாக வாங்கி நிமிர்த்தினார். மைக் சொருகுகிற இடத்தில் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டால் பெட்டி அலையை அனுப்ப ஆரம்பித்துவிடும். குரல் போகாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஓயாமல் கேட்கிற இரைச்சல் சட்டென்று அடங்கும். பாய் ஊக்கை வைத்து ஒரு தடவை தொட்டு எடுத்தார்.

அங்கே பேச்சு நின்றது. "பாய்? நீங்கதானா? நீங்கன்னா இன்னொரு வாட்டி பண்ணுங்க."

பண்ணினார். வாத்தியார் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். "மைக் இல்லியா? சரி பாய், நான் கேக்கறேன். ஆமான்னா ஒரு வாட்டி, இல்லன்னா ரெண்டு வாட்டி."

தந்தி பாஷையில் அடித்திருந்தால் பாய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனால் சூசை எழுதியது தந்தி தேவைப்படாத, புதிதாக வந்த பரீட்சை. கட்டு, கட என்று அடித்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஆமாம், இல்லை என்பதற்கு மேல் அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை.

"டயானாவுக்கு நேத்துலருந்து வாந்தி பாய். வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, தொட வுட மாட்டேங்குது. இங்க இருந்த டாக்டரு கீழ போனவரு, ரோடு அடச்சதுல வர முடியல. மரம் ஏத்த வந்த லாரி ஒண்ணு மாட்டிக்கினு நிக்குது, அதுல கள்ளக்குறிச்சிக்கு எறங்கட்டுமா? இல்ல, மலைக்கு அந்தாண்ட கருமந்துறை பக்கம் தூக்கிக்கினு நடக்கட்டுமா? அங்க ஒரு டாக்டரு இருக்காராம். எது சொல்றீங்க? கீழ வரட்டுமா? வழி வுடுவாங்களா?"

பாய்க்குத் தெரியாது. இதுதான் உண்மை. மூன்று நாளாக அவர் கடைத்தெருவைத் தாண்டவில்லை. பொன்னுரங்கம் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல எத்தனை தடவை தொடுவது? கொஞ்சம் பொறு, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல எத்தனை தடவை?

"பாய், இருக்கீங்களா? சொல்லுங்க பாய். பவுலின் கொழந்தைய மடியில போட்டுக்கினு உக்காந்துருக்கா. சொல்லுங்க."

ஊக்கு வியர்வையில் வழுக்கியது. பாய் பிஸ்மில்லா சொல்லி ஒரு தடவை தொட்டார்.

"வந்துடறோம் பாய்," என்றது குரல். அதோடு அந்தப் பக்கம் அணைந்தது.

தொட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்னுரங்கத்தின் வீட்டுக்கு ஓடினார், அவரையும் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போய்விடலாம் என்று. வீட்டில் ஒப்பாரி கேட்டது. முந்தின நாள் வேறோர் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொன்னுரங்கத்தின் மச்சான் மகன் செத்துப்போயிருந்தான். பொன்னுரங்கம் வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். "நான் ரோட்ட வுட்டு வந்துட்டேன் பாய். இப்ப அங்க வேற ஊரு பசங்க. நைட்டெல்லாம் வெட்டிச் சாச்சிருக்கானுங்க, சின்னப் பாலத்தையும் இடிச்சுட்டானுங்களாம். ஆளு வேணா தாண்டலாம், வண்டி எறும்பாட்டம் கூட நவுராது."

பாய் திரும்பி வந்து ஊக்கை எடுத்து இரண்டு தடவை தொட்டார். இரைச்சல். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. வாத்தியார் வீட்டில் அணைத்து வைத்த பெட்டிக்கு அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ரஜியா வந்து கையைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் சைக்கிளில் மலைப் பக்கம் கிளம்பினார்.

மறியலில் நின்ற பையன்களைக் குறை சொல்லிவிட முடியாது. குழந்தையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள். லாரி முதல் மரத்திலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு மரத்தையும் தாண்டிக் கைமாற்றிக் கைமாற்றி, தோளில் போட்டு, வெயிலில் கொண்டுவந்திருக்கிறார்கள். பாய் அவர்களை எதிரில் பார்த்தது கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம். யாரும் ஓடவில்லை, நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்தே பாய்க்குத் தெரிந்துவிட்டது. பவுலின் துணியால் மூடிய குழந்தையை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து வந்தாள்.

சூசை வந்து பாயின் சட்டையைப் பிடித்தார். "பாய், ரோடு இப்டி கெடக்கறது தெரிஞ்சு நீங்க ரெண்டு வாட்டிதானே தொட்டீங்க? வராதன்னுதானே சொன்னீங்க? நான்தான் ஒண்ணுன்னு எண்ணிட்டனா?"

பாய் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பவுலின் அந்த மௌனத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குழந்தையோடு சாலையோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறியல் முடிந்தது. இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறாமல் மைக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பாய் அதை மாட்டினார், ஆனால் பேசவில்லை. அந்தப் பக்கமும் யாரும் கூப்பிடவில்லை. கருமந்துறை வழி அன்று திறந்தே இருந்தது என்பதும், அதே நாளில் இன்னொரு நோயாளியை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள் என்பதும் மெதுவாகக் காதுக்கு வந்தன.

கடுக்காய் கொண்டுவருகிற மலைக்காரர் ராசுதான் மீதியைச் சொன்னார். "அந்தம்மா வாத்தியாருகிட்ட பேச்சு வார்த்தையே இல்லீங்க. பாய் வராதன்னுதான் சொல்லிருப்பாரு, ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித் தர்றாரு, இவருக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியலன்னு அழுவுது. அவரும் ஆமா, நான்தான் கொன்னுட்டேன்றாரு. பாடம் நடத்திக்கினே இருப்பாரு, நடுவுல அப்டியே நின்னுடுவாரு."

அன்று பாய் சாப்பிடவில்லை. ரஜியாவுக்குக் காரணம் தெரியும். "அவங்களா ஒண்ண நெனச்சிக்கினு இருக்காங்க. போன உசுரு வரப் போவுதா? நீங்க போய் வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்காதீங்க," என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. பாய்க்கு மனசுவிட்டுப் பேச இருந்தது அந்த ஒரு சிநேகிதம்தான், அந்தக் குடும்பமோ அவரை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன மனசு அந்த நல்ல பேரை ருசித்துக்கொண்டு சில வாரம் சும்மாவே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்தார்.

பவுலின் வாசலிலேயே பார்த்துவிட்டாள். "வாங்கண்ணா," என்று முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியார் மூலையில் நாற்காலியில் இருந்தார். மெலிந்து, தாடி விட்டு, ஆள் அடையாளமே தெரியவில்லை. அடுப்பில் சோறு வடித்து இறக்கியிருந்தது. இரண்டு தட்டு தனித்தனி இடத்தில் கிடந்தது.

பாய் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்தார்.

"வாத்தியாரே, நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க. ஒண்ணுதான் தொட்டேன். வாங்கன்னுதான் சொன்னேன்."

சூசை நிமிர்ந்தார். "ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். வழி வுடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வழியில்ல, தெரிஞ்சவனாட்டம் சொல்லிட்டேன். அன்னிக்கு ரோட்ல நீங்க கேட்டப்பவும் வாய மூடிக்கினு நின்னுட்டேன்."

வாத்தியார் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். குழந்தையைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை என்று ராசு பிற்பாடு சொன்னார்.

பவுலின் பாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் குனிந்து, அவர் குடிக்காத சொம்பை எடுத்துத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். பிறகு உள்ளே போய் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோறு போட்டாள்.

"எழுந்து வாங்க," என்றாள் புருஷனைப் பார்த்து. "சாப்புடலாம் வாங்க."

சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். பாய் நின்ற பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை.