தம்பி துடைத்த மலை

என் தம்பி கடலடித் தரையை வரைபடமாக்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறான். கப்பல் கீழே ஒலியை அனுப்பும்; தரையில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு எதிரொலியும் கணினியில் ஒரு புள்ளி. மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பினாலும் புள்ளிதான். அந்தப் பொய்ப் புள்ளிகளை அழிப்பது அவன் வேலை. அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'துடைப்பம்'. சுத்தம் எங்கள் குடும்ப நோய். எனக்கு இஸ்திரிக் கடை. காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி தேய்ப்பேன். எட்டாவதோடு நின்றவள் நான். அவன் படித்ததில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன மாதம் செய்தித்தாளில் வந்தது: நாலாயிரம் மீட்டர் ஆழத்தில், எப்போதோ அணைந்துபோன எரிமலை ஒன்று தெரியவந்திருக்கிறது, உயரம் ஆயிரத்து நூறு மீட்டர். கூடவே தம்பியின் அலுவலகத்தின் பெயர். போதாதா? கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தம்பி கண்டுபிடிச்சது" என்றேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை சட்டை வாங்க வந்தான். கோட்டுக்காகக் காத்திருந்த பல் டாக்டர் கைகொடுக்க எழுந்தார். அவன் கையை நீட்டவில்லை.

"அக்கா, அதைக் கிழிச்சுடு."

"ஏன்டா, கண்ணு பட்டுடும்னா?"

"நான் கண்டுபிடிக்கல. ஆறு வருஷம் முன்னாடியே அது என்கிட்ட வந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் புள்ளி, குவியலா. மீனுன்னு நெனச்சு அழிச்சுட்டேன். இப்ப வேற கப்பல் போய்ப் பாத்திருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். முழு மலையையுமா தம்பி?"

அவர் போனதும் கேட்டேன். "ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரியாது. பழைய பதிவை யாரும் திறக்கல. திங்கக்கிழமை மேலதிகாரிகிட்ட சொல்லப் போறேன்."

"பைத்தியமாடா உனக்கு? யாரும் கேக்காததை நீயா போய்ச் சொல்லுவியா? வாயை மூடிக்கிட்டு இரு."

சொன்னது நான்தான். காலரில் ஒரு சுருக்கம் பொறுக்காதவள்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னும் எத்தனை அழிச்சிருக்கேனோ அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை எடுக்காமலே போனான்.

திங்கட்கிழமை சொல்லிவிட்டான். புதுக் கப்பல்களின் பதிவுகளை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடப் பழைய பதிவுகளை முதலிலிருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஒரு சின்னக் குன்று கிடைத்திருக்கிறது. அதையும் அழித்தவன் அவன்தான்.

கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கேட்பவர்களிடம், "அவன் கண்டுபிடிக்கல, அழிச்சான். அவனே போய் ஒத்துக்கிட்டான்" என்கிறேன். அவனிடம் நான் சொன்னதை மட்டும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.