அம்மனுக்கு லெமன் பாக்கெட்

தொழிற்சாலை முதலுதவி அறையில் வேலை பார்க்க மூன்று நோய்கள் தெரிந்தால் போதும்: தலைவலி, வெட்டுக்காயம், தூக்கக் கலக்கம். ஒரகடத்தில் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டும் எனக்கு நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்தது. சக நர்ஸுகளே, உங்களுக்கும் வந்திருக்கும்.

இன்னா வோணும் தாயே?

ஆடி வெள்ளி, காலை ஷிப்ட். தகடு அடிக்கும் பிரஸ் லைனிலிருந்து இசக்கியம்மாளை நான்கு பேர் பிடித்து வந்தார்கள். நாங்குநேரிப் பெண், பயிற்சித் தொழிலாளி. தொப்பியைக் காணோம், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள். பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினால் கையை உதறினாள்.

சூப்பர்வைசர் தனசேகர் பக்கத்து மண்ணூர்க்காரர். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். "இன்னா வோணும் தாயே?" என்றார். "தாகம்!" என்று ஓர் அதட்டல். தண்ணீரில் கரைத்துக் கொடுக்க, கைக்கு வந்த ஆரஞ்சு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். தனசேகர் தடுத்தார்.

"ஆரஞ்சு வாணாம் சிஸ்டர். அம்மனுக்கு எலுமிச்சதான் ஆவும், லெமன் பாக்கெட்ட ஒடைங்க."

படிவத்தில் நான் எழுதியது

ஒரு ஜக்கை முழுதாகக் குடித்தவள், பத்து நிமிடத்தில் தொப்பியைத் தேடினாள். நான் அதற்குள் படிவத்தில் 'மனநலப் பரிசோதனை தேவை' என்று எழுதி மேலே அனுப்பியிருந்தேன். இரண்டு வாரத்தில் அவளுக்குப் பயிற்சி முடிகிறது. டாக்டர் தகுதிச் சான்று தந்தால்தான் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் பெட்டியோடு ஊருக்குப் பஸ். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. விஷயம் தெரிந்து வந்தவள் அழவில்லை, சண்டைக்கு நின்றாள்.

"எங்கூர்ல இதுக்குச் சேலை சாத்துவாவ. நீங்க சீட்டக் கிழிக்கப் பாக்கியளே அக்கா!"

கேட்டில் குறி சொன்னவர்

அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. முந்தைய வருடம் எங்கள் கேட் செக்யூரிட்டி ஒருவருக்குக் காதில் சாமி பேசியது. பகல், இரவு, விடுமுறை என்று அந்தக் குரலுக்கு ஓய்வே கிடையாது. ஷிப்ட் விட்டதும் வரிசையில் நின்று விபூதி வாங்கினோம். என் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று நானும் கேட்டேன், நர்ஸிங் படித்தவள்! அவர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது சுருண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. சிகிச்சை முடிந்து, தெளிந்த முகத்தோடு வேலைக்குத் திரும்பியவர் நேராக என்னிடம் வந்தார்.

"அத்தினி பேரு குறி கேட்டீங்களே சிஸ்டர், ஒருத்தராவது சாப்ட்டியான்னு கேட்டீங்களா?"

டாக்டரின் விசாரணை

வாரம் ஒருமுறை வரும் கம்பெனி டாக்டர் இசக்கியம்மாளிடம் முதலில் அதைத்தான் கேட்டார். நன்றாகச் சாப்பிடுகிறாள். எட்டுப் பேர் படுக்கும் அறையிலும் நன்றாகத் தூங்குகிறாள். காதில் குரல் கேட்பதில்லை, பயமில்லை. வலிப்பும் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் கொட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் அம்மன் வருவாளாம். "இங்கே ஏதும்மா கொட்டு?" என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த தனசேகருக்குப் பொறி தட்டியது. புது பிரஸ் மெஷின் அடிக்கும் தாளத்தை என் மேஜைமேல் தட்டிக் காட்டினார். இசக்கியம்மாளின் தோள் லேசாக அசைந்தது. "அண்ணே, நிறுத்துங்க, வந்துருவா!" என்று கத்தினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வந்தால் எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"கொட்டு நின்னா போயிருவா சார். ஷிப்டு முடிஞ்சும் போவாம நின்னாத்தான் ஒங்ககிட்ட வரணும்."

லட்டு

டாக்டர் சிரித்துக்கொண்டே சான்றில் கையெழுத்திட்டார், ஒரு நிபந்தனையோடு: பிரஸ் பக்கம் போகக்கூடாது, கை போய்விடும். சத்தமில்லாத பரிசோதனைப் பிரிவில் போட்டார்கள். நிரந்தர ஆணை வந்த அன்று லட்டு டப்பாவோடு வந்தாள். தனசேகர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு, "எங்க ஊரு திருவிழாவுக்கு உங்க அம்மனக் கூட்டிகினு வரணும்மா" என்றார்.

"லீவு தந்தா நான் வாரேன் அண்ணே. அவ வரணும்னா ஒங்கூரு மேளம் நல்லாருக்கணும்லா!"

இப்போதெல்லாம் ஆடிக்கொண்டு யார் வந்தாலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று முதலில் கேட்கிறேன், எதற்கும் இருக்கட்டுமென்று செருப்பைக் கழற்றிவிட்டு.