பெரிய டி, சின்ன டி

ஆபீசில் அவனுக்குப் பெயர் பொம்மைக்காரன். கம்ப்யூட்டர் திரையில் பொத்தான்களின் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கின்றனவே, பூதக்கண்ணாடி, குப்பைத்தொட்டி, பூட்டு, அவற்றை வரைந்து, அளவு பார்த்து, மென்பொருளுக்குள் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பது அவன் வேலை. கேட்பவர்களுக்குச் சின்ன வேலையாகத்தான் தெரியும். அவனுக்கே அப்படித்தான் தெரிந்தது, அதுதான் கோளாறு. சொந்தக்காரர்கள் விசாரிக்கும்போதெல்லாம் "சாஃப்ட்வேர் எழுதுறேன்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்திருந்தான். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கி மறந்துபோனார்கள். அவன் அக்கா மட்டும் மறக்கவில்லை.

அக்காவுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. ரொம்ப காலம் பின்கட்டில் நின்று தட்டுகளையும் கருவிகளையும் கழுவி, வெந்நீர்ப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், "நான் கத்துக்கிறேன் டாக்டர்" என்று தானாகவே போய்க் கேட்டு, விரல் விரலாகத் தட்டிப் பழகி, அந்த முன் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். சக்கரம் வைத்த நாற்காலி. முதல் வாரம் அதில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்ததாகத் தம்பியிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாள். பிறகு, பல் எக்ஸ்ரேக்களைச் சேர்த்து வைக்கத் தம்பியின் கம்பெனி ஒரு மென்பொருள் விற்கிறது என்று தெரிந்ததும் டாக்டரம்மாவை விடவில்லை. "என் தம்பி எழுதினது டாக்டர். கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றாள். டாக்டரம்மா வாங்கினார். அதில் தம்பி எழுதியது ஒரு வரிகூட இல்லை என்பதை அவன் திருத்தவும் இல்லை.

அந்த மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று வகை மெஷினிலும் ஓடும். ஓட வைப்பது எழுதுகிறவர்களின் பாடு. படம் மூன்றிலும் ஒரே மாதிரி தெரிய வைப்பது பொம்மைக்காரனின் பாடு. ஒன்றில் பளிச்சென்று இருக்கும் படம் இன்னொன்றில் மங்கிப்போகும். ஒன்றில் பின்னணியைக் கறுப்பாக மாற்றினால் கறுப்புக் கோடு போட்ட படம் அப்படியே கரைந்து காணாமல் போகும். ஆகவே எதை மாற்றினாலும் மூன்று மெஷினிலும் திறந்து கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஆபீசில் எழுதாத சட்டம். இதில் லினக்ஸ் மெஷின் மூலையில் கிடந்தது. பழையது, எழுந்து உட்காரவே யுகம் ஆகும். அதன் தலையில் தண்ணீர் பாட்டில்களையும் சாப்பாட்டுப் பைகளையும் வைத்திருந்தார்கள். மொத்தத்தில் அது ஒப்புக்குச் சப்பாணி.

ஒரு சமயம் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. எக்ஸ்ரே சரியாக விழுந்திருந்தால் அதைச் சேமிக்க டிக் குறி, மங்கலாக விழுந்திருந்தால் எறிய குப்பைத்தொட்டி. இந்த இரண்டு படங்களும் பழசாகிவிட்டன என்று பொம்மைக்காரனுக்குத் தோன்றியது. புதிதாக வரைந்தான், அழகாகவே வரைந்தான். அதோடு விட்டிருக்கலாம். படமே பேசும்போது எழுத்து எதற்கு என்று பொத்தானுக்குக் கீழே இருந்த 'சேமி', 'எறி' என்ற சொற்களை எடுக்கச் சொன்னான். டிக் வலப்பக்கம் இருந்தால்தான் லட்சணம் என்று, இடப்பக்கம் இருந்ததை வலப்பக்கம் மாற்றச் சொன்னான். கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'டிக்', 'ட்ராஷ்' என்று பெயர் வைத்தபோது, தலைப்பு எழுதுகிற பழக்கத்தில் முதல் எழுத்தான டி-யைப் பெரிய எழுத்தாகப் போட்டான்.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. நம் எழுத்தில் 'அ' என்றால் 'அ'தான், அதற்குப் பெரியண்ணன் சின்னத்தம்பி எல்லாம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. மென்பொருள் அந்தப் படங்களைச் சின்ன டி போட்டுக் கூப்பிட்டது. விண்டோஸும் மேக்கும் பெரிய மனசுக்காரர்கள், எந்த டி-யாக இருந்தால் என்ன என்று படத்தை எடுத்து நீட்டிவிடும். லினக்ஸ் அப்படியில்லை. பெரிய டி வேறு, சின்ன டி வேறு, நீ கேட்கிற ஆள் இங்கே இல்லை என்று கதவைச் சாத்திவிடும். படம் வராது. வெறும் வெள்ளைக் கட்டம் மட்டும் நிற்கும்.

"மூணுலயும் பாத்தாச்சா?" என்று டீம் லீடர் கேட்டார்.

"பாத்தாச்சு" என்றான். இரண்டில்தான் பார்த்திருந்தான். மூன்றாவதன் தலையிலிருந்து பாட்டில்களை இறக்க அவனுக்குச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

பதிப்பு வெளிவந்த கொஞ்ச நாளில் ஒரு புகார் வந்தது. வாடிக்கையாளர் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. 'எங்கள் பணியாளர் பொத்தான்களில் படமே இல்லை என்கிறார். என் அறை மெஷினில் படம் நன்றாகத் தெரிகிறது. எது உண்மை?' பக்கத்து மேஜைக்காரர் அதைச் சத்தமாகப் படித்தார். "கண்ணத் திறந்து பாக்கச் சொல்லுப்பா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பொம்மைக்காரனும் சிரித்தான். ஒன்றில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்றால் கோளாறு மெஷினில் இருக்கும், ஆளிடம் இருக்காது. இது அவன் தொழிலின் அரிச்சுவடி. அவனோ, 'படம் இருக்கிறது. பயன்படுத்துபவர் கவனித்துப் பார்த்து அழுத்த வேண்டும்' என்று எழுதி அனுப்பினான். மரியாதைக் குறைவில்லாமல் எழுதிவிட்டதாகத் திருப்தி வேறு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவன் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் புதுக் கண்ணாடி.

"கண்ணாடி நல்லா இருக்கு அண்ணி" என்றாள் அவன் மனைவி.

"நல்லா இருந்து என்ன பண்ண. வயசாகுதுல்ல" என்றாள் அக்கா. பிறகு அவன் பக்கம் திரும்பி, கேலியாகச் சொல்வது போலவே சொன்னாள். "பொத்தான்ல இருக்குற படமே எனக்குத் தெரியலடா. டாக்டரம்மாவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வெறும் வெள்ளையா இருந்துச்சா, தம்பி ஏதோ புதுசா ஸ்டைலா பண்ணிருக்கான்னு நெனச்சு, பழையபடி இடது பக்கத்தையே அழுத்திட்டேன். காலையில எடுத்த எக்ஸ்ரே அத்தனையும் குப்பைக்குப் போயிடுச்சு."

அவன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாரையும் மறுபடி வரச் சொல்லி எடுத்தோம். ஒரு பெரிய மனுஷன் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, படிக்காதவங்களை ஏன் மெஷின்ல உக்கார வெக்கிறீங்கன்னு. அவர் சொல்றதும் நியாயந்தான். இப்ப டாக்டரம்மா அவங்க ரூம்லயே பாத்துக்கிறாங்க. நான் பழையபடி தட்டு கழுவுறேன். அதுவும் வேலைதானே."

"படம் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொன்னேனே. உங்க கம்பெனிக்கு எழுதிக் கேட்டாங்க. பதில் வந்துச்சு." அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "படம் இருக்கிறது. பயன்படுத்துபவர் கவனித்துப் பார்த்து அழுத்த வேண்டும். டாக்டரம்மா எங்க எல்லாரையும் நிக்க வெச்சுப் படிச்சாங்க. அதான் கண்ணக் காட்டிடலாம்னு போனேன். நீ யார்கிட்டயும் போயி சண்ட போடாத. எழுதினவன் பாவம், உள்ளதத்தான் எழுதிருக்கான்."

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவனுக்கு. அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். மனைவி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். சொல்லை மென்று விழுங்கிவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டான். கூனிக்குறுகி என்பார்களே, அன்று முழுக்க அவன் அப்படித்தான் வளைய வந்தான்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் பாட்டில்களை இறக்கிவைத்து லினக்ஸ் மெஷினைத் தட்டி எழுப்பினான். அது ஆடி அசைந்து எழுந்தது. மென்பொருளைத் திறந்தான். இரண்டு வெள்ளைக் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது எது என்று அவனுக்கே தெரியவில்லை, வரைந்தவனுக்கே. டீம் லீடரிடம் போய், "சார், நான் அன்னைக்கு இதுல பாக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்" என்றான். அவர் தலையைத் தூக்காமல், "லினக்ஸ்ல ரெண்டு மூணு பேர்தான்ப்பா இருப்பாங்க. அடுத்ததுல சரி பண்ணிடு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். நோயாளிகள் இல்லாத நேரம். மருந்து வாடை. முன் நாற்காலி காலியாக இருந்தது, மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தார்கள். அக்கா பின்கட்டிலிருந்து ரப்பர் கையுறையோடு எட்டிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள், தலைமுடியைச் சரிசெய்தாள். "டாக்டர், என் தம்பி வந்திருக்கான், சொல்வேனே" என்று கூப்பிட்டாள்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், எங்க அக்கா மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது. இந்த மெஷின்ல படம் வரல. அந்தப் பதில எழுதினதும் நான்தான்."

டாக்டரம்மா அவனைக் கனிவாகப் பார்த்தார். அந்தக் கனிவே அவனை உதைத்தது. "என் மெஷின்ல வருதே?"

"அது வேற மெஷின் டாக்டர். கோப்புப் பேர்ல நான் பெரிய டி போட்டுட்டேன். சின்ன டி போட்டிருக்கணும்."

"ஒரு டி பெரிசானதுக்கா படம் வராது?" டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய டீ சின்ன டீன்னு கடையில கேக்குற மாதிரி இருக்கு. அக்கா மேல பாசம் இருக்கட்டும் தம்பி, அதுக்காக இப்படியா காதுல பூ சுத்துறது."

"எனக்காகப் பொய் சொல்லாதடா" என்றாள் அக்கா மெல்ல. "உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

இனிமேல் பேசிப் புண்ணியமில்லை, காட்டிவிடுவோம் என்று துணியை எடுத்தான். மெஷினைப் போட்டு, டாக்டரம்மா சொன்ன கடவுச்சொல்லைத் தட்டி, படங்கள் இருக்கும் இடத்துக்குப் போனான். இரண்டு பெயரிலும் பெரிய டி-யை அழித்துச் சின்ன டி போட்டான். பிறகுதான் மென்பொருளைத் திறந்தான். இடப்பக்கம் குப்பைத்தொட்டி, வலப்பக்கம் டிக். இரண்டும் சமர்த்தாக வந்து உட்கார்ந்திருந்தன. "பாருங்க டாக்டர். இதுக்கு முன்னாடி வெள்ளையாத்தான் இருந்துச்சு. அக்கா சொன்னது அத்தனையும் நெசம்."

ஆனால் முன்னாடி அது எப்படி இருந்தது என்று டாக்டரம்மா பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம், வந்தவன் நாலு தட்டுத் தட்டினான், மெஷின் சரியாகிவிட்டது என்பதுதான். "அடேயப்பா, வந்த கையோட சரி பண்ணிட்டீங்களே. உங்க அக்கா சும்மா பெருமையடிக்கல" என்றார். அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். "நல்லாத் தெரியுதுடா. கண்ணாடி போட்டது நல்லதாப் போச்சு" என்றாள்.

"கண்ணாடி இல்லக்கா. என் தப்புக்கா."

"சரி சரி, உன் தப்புதான். போதுமா?" என்று அவன் முதுகில் தட்டினாள், அடம்பிடிக்கிற பிள்ளையைச் சமாதானம் செய்வது போல. தன்னை யாராவது நம்ப மாட்டார்களா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினான் அவன். இல்லாத திறமையை எத்தனை சுலபமாக நம்பியவள், இருக்கிற தப்பை நம்பவே மாட்டேன் என்கிறாளே.

டாக்டரம்மா பெரிய மனதோடு, "சரி, தம்பி இவ்வளவு தூரம் வந்து சொல்லிருக்காரு. அவருக்காக நீங்களே மறுபடி உக்காருங்க" என்றார். அவருக்காகவாம். அக்காவின் கண் கலங்கிவிட்டது. "உன் புண்ணியத்துல" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறைத் தூள் அவன் கையில் ஒட்டியது.

மாலை நேரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் எக்ஸ்ரே திரையில் வந்தது, ஒரு கடைவாய்ப் பல், தெளிவாக. தன் பாட்டுக்கு ஒருபக்கம் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் படபடவென்று அழுத்திக்கொண்டு போனவள் அக்கா, அவனே நின்று பார்த்திருக்கிறான். இப்போது மவுசின் மேல் கையை வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள்.

"வலதுதானேடா? அழுத்தட்டுமா?"

"அழுத்துக்கா."

அழுத்தினாள். அடுத்த படம் வந்தது. மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு பல்லுக்கும் அவள் கேட்டாள்.