நாலாவது பல்பு

பிள்ளைகளே, எனக்குக் கதை கட்டத் தெரியும். ஷூ கம்பெனியில் மிஷினை மிதித்துக்கொண்டே பக்கத்து மிஷின்காரிகளுக்குக் கதை சொல்லித்தான் என் ஆயுசே போனது. ஆனால் இதை நான் கட்டவில்லை. கட்டியிருந்தால் முடிவையாவது கொஞ்சம் நல்லபடியாக வைத்திருப்பேன்.

போன கார்த்திகை மாதம் நடந்தது. அந்த வண்டி இன்றைக்கும் ஆம்பூரில் ஓடுகிறது. தனியாகப் படிக்கிறவர்கள் எழுந்து ஒரு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் எங்கும் போய்விட மாட்டேன். காத்திருக்கிறேன்.

போட்டாயிற்றா?

அபினேஷ் என் தங்கை மகன். தாயில்லாப் பிள்ளை. அவள் விட்டுப்போன நகையை விற்று, எட்டு பேர் உட்காரும் பழைய கார் ஒன்றை வாங்கினான். வெள்ளை நிறம். ஷூ கம்பெனியில் வேலை முடிந்து வரும் ஆறு பெண்களை மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். துணைக்கு ஒரு பெண்பிள்ளை கூடவே போகவேண்டும் என்று கம்பெனி விதி. அந்தப் பெண்பிள்ளை நான்தான், இந்த அறுபத்தெட்டு வயதில்.

இன்னொரு விதியும் உண்டு. கடைசிப் பெண் இறங்குகிறவரை வண்டிக்குள் விளக்கு எரிய வேண்டும்.

பழைய மஞ்சள் பல்புகள் பாட்டரியைக் குடித்தன. ஒரு நாள் நடுவழியில் வண்டி படுத்துவிட்டது. "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குறோம்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வேறு வண்டி வந்தால் இவன் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

எல்இடி மாற்ற தபரேஸ் கடைக்குப் போனோம். பைபாஸ் ஓரம் கார் சாமான் கடை. எங்களைப் பார்க்கும் முன்னால் அவன் வண்டியின் சீட்டைப் பார்த்தான்.

"அட, இந்த சீட் கவர் நம்ம கைவேலை ஆன்ட்டி. அசல் தோலு. தோல் பதனிடுற டேனரி ஒண்ணோட வண்டி இது, நம்ம காசிநாதன் அண்ணன்தான் டிரைவர். மூணு வருசம் முன்னாடி, கவர் போட்டு பத்து நாள்கூட ஆவல, வித்துட்டாங்க. இன்னா பேஜாரோ."

அவன் முன் விளக்கின் மூடியைத் திறந்து பல்பைத் தொட்டான். விரலை உதறினான்.

"பாத்தீங்களா? மஞ்ச பல்பு கரண்ட்ட சூடாவே துன்னுடும். கொஞ்ச நேரம் எரிஞ்சா போதும், தொட்டவன் கை பொத்துடும். எல்இடி விடிய விடிய எரிஞ்சாலும் இந்த அளவு சூடு இருக்காது."

ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்தான். முன்னால் இரண்டும் சின்ன அளவு. நடுவில் அதைவிட நீளம். நாலாவது விளக்கு டிக்கி பக்கம், கடைசி சீட்டுக்கு மேலே. மூடியைக் கழற்றினான்.

உள்ளே பல்பே இல்லை.

பல்பைப் பிடிக்கும் தகடு ஒன்று வளைந்திருந்தது. "யாரோ அவசரத்துல புடுங்கியிருக்காங்க" என்றான் தபரேஸ். நிமிர்த்திவிட்டான்.

நிறம் கேட்டான். இளமஞ்சள் கொடு என்றேன். வெள்ளையில் எல்லார் முகமும் ஆஸ்பத்திரி முகமாகத் தெரியும். நாளெல்லாம் பசை வாடையில் உழைத்துவிட்டு வருகிற பிள்ளைகள், கொஞ்சம் கண்ணை மூடட்டும்.

"ஆன்ட்டிக்கு ரசனை ஜாஸ்தி. ஆனா பின்னாடிக்கு அந்த அளவுல வெள்ளைதான் இருக்கு."

"அது டிக்கி தானே. காலியாவே இருக்கட்டும் பெரிம்மா" என்றான் அபினேஷ்.

"ஜெனிஃபாவும் அம்பிகாவும் அங்கதானடா உக்காருதுங்க. அவங்க மட்டும் இருட்டுல வரணுமா? போடு."

நான்தான் போடச் சொன்னேன்.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். எல்லாரையும் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டினான் அபினேஷ். மூன்று விளக்கு அணைந்தது. நாலாவது அணையவில்லை. மின்மினி மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம்.

தபரேசுக்குப் போன் போட்டான்.

"அது ஒண்ணுமில்ல தோஸ்த். லைன்ல எங்கயோ கரண்ட் கசியுது. மஞ்ச பல்புக்கு அது பத்தாது, எல்இடிக்குப் போதும். எதோ ஒரு கதவு இன்னும் மூடலன்னு வண்டி நெனைச்சிக்குது. அவ்ளோதான்."

எல்லாக் கதவையும் அழுத்திப் பார்த்தோம். மூடித்தான் இருந்தது.

மறுநாள். டோல்கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்.

"ஆக்னஸம்மா... கால் வைக்கிற எடம் ஈரமா இருக்கு" என்றாள் ஜெனிஃபா.

"தண்ணி பாட்டில் சாஞ்சிருக்கும் கண்ணு" என்றேன்.

"நான் பாட்டிலே எடுத்தாரல."

அன்றைக்கு மழையும் இல்லை. அப்புறம் அந்த வாடை வந்தது. தோல் ஊறும் குழித் தண்ணீரின் வாடை. ஆம்பூர்க்காரிக்கு அது மூக்கில் ஏறாது, பிள்ளைகளே. பிறந்ததிலிருந்து அதற்குள்தான் இருக்கிறோம். அன்றைக்கு ஏறியது. ஆறு பெண்களும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார்கள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. ஐந்து பேர் இறங்கிவிட்டார்கள். ஜெனிஃபா வீடு டோல்கேட் தாண்டி. அவள் மட்டும் பின்னால்.

மணி 7.48. முன்னால் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் சிவப்பாக ஒரு அடையாளம் எரிந்தது.

"டிக்கி தொறந்திருக்குன்னு காட்டுது பெரிம்மா."

ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் போனான். அறைந்து மூடினான். வந்தான். கிளப்பினான்.

மறுபடி சிவப்பு.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக்.

லாரி எறிந்த கல்லாக இருக்கும் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

உள்ளேயிருந்து வந்தது. கீழேயிருந்து வந்தது. காலால் உதைக்கிற சத்தம்.

ஜெனிஃபா சீட்டைத் தாண்டி என் பக்கத்தில் வந்து விழுந்தாள். அவள் செருப்பு நனைந்திருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. மற்றக் கண்ணாடிகள் தெளிவு. அந்த ஆவியில் ஒரு கை தடவிய தடம். மிகவும் கீழே. படுத்துக்கொண்டு தடவினால் எட்டும் உயரத்தில்.

"அந்த பல்பு வந்ததுல இருந்துதான் எல்லாம். கழட்டிடறேன்" என்றான் அபினேஷ்.

இறங்கினான். டிக்கியைத் திறந்தான். விளக்குக்குக் கையை உயர்த்தினான். வெள்ளை வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது.

விரல் மூடியைத் தொட்டது.

"லைட்டு... இருக்கட்டும்ணே..."

ஆண் குரல். களைத்த குரல். அவனைவிட எவ்வளவோ மூத்த குரல்.

அபினேஷ் கை அப்படியே நின்றது.

"பெரிம்மா... யாரு பேசினது?"

நான் பேசவில்லை. ஜெனிஃபாவும் பேசவில்லை.

பின் சீட்டு காலி.

மறுநாள் ஜெனிஃபா வண்டியில் ஏறவில்லை. சனிக்கிழமை அம்பிகாவும் வரவில்லை. "திங்கக்கெழம ஆறு பேரும் ஏறணும். இல்லன்னா விட்டுடுப்பா" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். என் பிள்ளை அன்று சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் தபரேசிடம் வழி கேட்டுக்கொண்டு, காசிநாதன் வீட்டுக்குப் போனோம். நல்ல வெயில். அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"பின்னாடி லைட்டுல பல்பு இல்லியே அண்ணே, ஏன்?" என்றான் அபினேஷ். நடந்தது எதையும் நாங்கள் சொல்லவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிருபானந்தம்னு ஒருத்தன். டேனரியில குழி கழுவ எறங்குனான். கேஸ் அடிச்சிருச்சி. மேல தூக்கும்போது உசுரு இருந்துச்சிம்மா. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ள வந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்னு மேனேஜரு இந்த வண்டியிலயே வேலூருக்கு எடுக்கச் சொன்னாரு."

"சீட்டுல படுக்க வெச்சீங்களா?" என்றேன்.

"கவரு புதுசும்மா."

அவர் தலை நிமிரவில்லை.

"ஒடம்பெல்லாம் குழித் தண்ணி. கடைசி சீட்ட மடக்கி, தார்ப்பாய் விரிச்சிப் போட்டோம். டோல்கேட்டுக்கு முன்னாடி காலால கதவ ஒதைச்சான். தொறந்துக்கிச்சி, மூடுனாலும் நிக்கல. லைட்டு எரிஞ்சிச்சி. டோல்கேட்டுல யாராச்சும் பாத்துருவாங்க, பல்ப புடுங்குன்னாரு கூட வந்த மேனேஜரு. நான் கைய தூக்குனேன். கெஞ்சுனாம்மா."

"இன்னான்னு?"

"லைட்டு இருக்கட்டும்ணேன்னான்."

அபினேஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"புடுங்கிட்டேன். இருட்டுலயே போய்ட்டான். வேலூரு எட்டறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. நெஞ்சு வலி, அன்னிக்கி அவன் வேலைக்கே வரலன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அவன் பொண்டாட்டியும் அதையே நம்பிட்டு இருக்கா."

வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் வெள்ளைத் தழும்பு. எரிந்துகொண்டிருந்த பல்பைப் பிடுங்கிய தழும்பு.

எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு கைக்குட்டை முடிச்சைக் கொண்டுவந்தார்.

"தூக்கிப் போட மனசு வரல. வெச்சிக்கவும் முடியல. எடுத்துட்டுப் போய்டுங்கம்மா."

முடிச்சை அவிழ்த்தேன். பழைய மஞ்சள் பல்பு. மூன்று வருடமாக பீரோவுக்குள் கிடந்த பல்பு. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

சுட்டது.

அன்றைக்கே அபினேஷ் வெள்ளை பல்பை எடுத்துவிட்டு அதைப் பழைய இடத்தில் பொருத்தினான். திங்கட்கிழமை ஐந்து பேர் ஏறினார்கள். ஆறாவதாக ஜெனிஃபாவை நான் வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தேன். இப்போது ஈரம் இல்லை. வாடை இல்லை. வண்டி ஓடுகிறது. கிருபானந்தம் மனைவியையும் போய்ப் பார்த்தோம், சொன்னோம். "இப்ப சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது" என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த டேனரிக்கு வேறு புது வண்டி வந்திருக்கிறது. அதிலும் தோல் சீட்டுதான்.

அந்த ஒரு விளக்கு மட்டும் அணைவதில்லை. பாட்டரி தீர்ந்துவிடுமே என்று பயந்து, ஒரு ராத்திரி பாட்டரி வயரையே கழற்றி வைத்தான் அபினேஷ்.

காலையில் போய்ப் பார்த்தோம்.

எரிந்துகொண்டிருந்தது.

கழற்றட்டுமா என்று அவன் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருக்கட்டும்.