மட்டம் சரியாகத்தான் இருந்தது

மெர்சியின் இடக்கை செயலிழந்ததற்கு நான்தான் காரணம். அவள் கணவர் அல்ல. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தென்காசியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் பொறியாளர் நான். மெர்சி என் பள்ளித் தோழி, சுரண்டைக்காரி. அவளும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் ஜெயராஜும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினார்கள். அதில் விரிக்கும் கன்டெய்னர் வீடு வைக்க அவர்களுக்கு ஆசை. மடித்த பெட்டியாக லாரியில் வந்திறங்கி, இரண்டு பக்கமும் விரிந்து ஒரே பகலில் வீடாகி நிற்குமே, அதுதான்.

“ஏட்டி, நீ வந்து பாத்துச் சொல்லு. நீ சரின்னா சரி” என்றாள்.

புளியறைச் சாலையில் இருந்த கிடங்குக்கு மூவரும் போனோம். உண்மையைச் சொன்னால், அப்படியொரு வீட்டை நான் நேரில் பார்த்ததே அன்றுதான்! சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை. “மேடம் இன்ஜினியர்லா! அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர?” என்று விற்பவர் சிரித்தார். அது எனக்கு இனித்தது.

சுவரைத் தட்டினேன். கதவை ஆட்டினேன். விரியும் கூரை நடுப்பெட்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் பட்டை சுருங்கிக் கிடந்தது. மூலையில் வெளிச்சம் கசிந்தது. பார்த்தேன்! தெளிவாகப் பார்த்தேன். மின்கம்பிகளும் அதே மூலை வழியாகத்தான் சுவருக்குள் இறங்கின.

ஒரு குழாயைப் பிடித்துக் கூரைமேல் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கேட்டால், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ... என்ன அற்பமான பயம்!

“உறுதியாத்தான் இருக்கு மெர்சி. தைரியமா வாங்கு.”

வீட்டைத் தாங்கும் சிமென்ட் தூண்களை ஜெயராஜ் தம் கையாலேயே நிறுத்தினார். கிடங்கில் பார்த்த அதே வீடு வந்தது, விரிந்தது. பால் காய்ச்சினார்கள்.

பிறகு சாரல் தொடங்கியது. காற்றோடு விடாத மழை. ஒரு காலையில் சமையலறைச் சுவரில் கை வைத்த மெர்சி அலறக்கூட இல்லையாம். மின்சாரம் பாய்ந்த தகட்டுச் சுவர் அவளைப் பிடித்துக்கொண்டது. ஜெயராஜ் ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகே கீழே விழுந்தாள்.

எலக்ட்ரீசியன் சுவரைக் கழற்றிப் பார்த்தார். கூரை மூலையில் இறங்கிய தண்ணீர், உள்ளே இருந்த கம்பி இணைப்பை நனைத்திருந்தது. அந்த மூலை! நான் பார்த்த அதே மூலை!

மெர்சி பிழைத்துக்கொண்டாள். இடக்கை விரல்கள் மட்டும் மடங்குவதில்லை.

“நான் நிறுத்துன தூணு எறங்கிருக்கும்மா. அதான் ஜாயின்ட் வாயப் பொளந்துட்டு. நீயே பாத்துச் சொல்லு” என்றார் ஜெயராஜ். அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

அவர் வாசலில் நிற்க, நான் உள்ளே போய் ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. இன்னொரு இடத்தில் வைத்தேன். அங்கும் அப்படியே! அந்த மனிதர் தூண்களை அத்தனை நேர்த்தியாக நிறுத்தியிருந்தார்.

வெளியே வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நம்புங்கள்...

“கொஞ்சம் சரிவு இருக்கு அண்ணாச்சி.”

என் குரலா அது? இப்போதும் நம்ப முடியவில்லை! தப்பாகச் சொன்னது முதல் குற்றம். ஆனால் இது? கண்ணெதிரே நொறுங்கி நின்ற மனிதர் மேல் என் குற்றத்தைத் தூக்கி வைத்தேனே, இதற்கு என்ன பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெயராஜ் அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்.

“செஞ்ச வேலைக்கு இதாவது செய்யட்டும்” என்றாள் மெர்சி, சிரிக்காமல்.

அவர் பின்னலை விடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “யம்மா, அன்னைக்கு எவ்வளவுதான் சரிஞ்சிருந்துச்சு?”

“கொஞ்சந்தான் அண்ணாச்சி.”

“கொஞ்சந்தானா...” என்றவர், குனிந்து அடுத்த பின்னலைப் போட்டார்.