காலைக் காட்டினால்தான் சந்தேஷ்

"செய்யிற வேலையை விட்டுட்டா, அதுக்குப் படிச்ச படிப்பு வீண்தானே?" என்று அப்பா அடிக்கடி கேட்பார். பள்ளியை முடித்துவிட்டு எந்தக் கல்லூரியிலும் மனம் ஒட்டாமல் அலைந்துகொண்டிருந்தேன். கேட்கும்போதெல்லாம் அப்பா ஜன்னல் வழியே எதிர்க்கடையைக் காட்டுவார். அங்கே டாக்டர் நிசீத் சன்யால் ரசகுல்லாவுக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருப்பார்.

வடக்குக் கல்கத்தாவில் எங்கள் சந்துக்கு முன்பு அவர்தான் டாக்டர். வந்தவர்களில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். இனிப்பை விடுங்கள் என்பார். பக்தியோடு தலையாட்டிவிட்டு, படியிறங்கி நேரே இனிப்புக் கடைக்குப் போவார்கள். குணமானவர்கள் நன்றி சொல்ல அவருக்கே ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு கொண்டுவருவார்கள். ஒரு பெரியவருக்குப் புண் புரையோடிக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, அந்தப் பெரியவரின் தலையணைக்கு அடியிலும் சந்தேஷ் இருந்தது. அந்த வாரமே கிளினிக்கைப் பூட்டினார். அந்த இனிப்புக் கடை விலைக்கு வந்தபோது அதையே வாங்கினார்.

முன்பு சில்லறையாகப் பார்த்த வியாதியை இப்போது மொத்தமாக விற்கிறார் என்று சந்தே சிரித்தது. "இங்கே வைத்தியம் பார்க்கப்படாது" என்று கடையில் பலகை மாட்டினார். பழக்கதோஷத்தில் யாராவது நாக்கை நீட்டினால் அதில் ஒரு ரசகுல்லாவை வைத்தார்.

பிறகு ஜாமாய் சஷ்டி வந்தது. அன்று மாமியார்கள் மாப்பிள்ளைகளைத் தின்னவைத்தே திணறடிப்பார்கள். இலீஷ் மீன், கறி, மாம்பழம் என்று எத்தனை இருந்தாலும் இனிப்பு இல்லாவிட்டால் குடும்ப மானம் போய்விடும். சந்துக்கே சித்தியான எங்கள் மாடிவீட்டு மலினா மாசிமா, சுமை தூக்க மாப்பிள்ளை தீபாயனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் வரிசையில் நின்றேன்.

கூட்டத்தில் ஒரு தயிர்ச் சட்டி விழுந்து உடைந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்ற தீபாயன், எந்தச் சந்தேஷ் என்று கை காட்டிக்கொண்டே ஓட்டுச் சில்லின் மேல் ஏறி நின்றார். சிந்திய தயிர் சிவந்தது. அவர் பேச்சு நிற்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார். சில் ஆழமாக இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே."

"சுகர் எவ்வளவு நாளா?"

தீபாயன் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தார். "லேசாத்தான். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்கு." மாசிமாவிடம் அவர் சொன்னதே இல்லை. சொன்னால் இந்த ஒருநாள் விருந்தும் போய்விடுமே.

சில்லை எடுத்துக் கட்டுப்போட்ட டாக்டர், சர்க்கரை காலின் உணர்ச்சியையே தின்றுவிட்டது, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் தங்காது என்றார். அவர்களுக்குக் கட்டிவைத்த சந்தேஷ் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தார்.

மாசிமாவுக்கு முகம் கறுத்தது. "டாக்டரா இருந்தப்பவே உங்க பேச்சை யாரும் கேட்கல. இப்ப நீங்க கடைக்காரர். சரக்கைக் கொடுங்க."

"அப்ப என்கிட்ட பேச்சு மட்டும்தான் இருந்துது, மாசிமா. இப்ப சந்தேஷே என்கிட்டதான் இருக்கு."

மாசிமா வேறு கடைக்குப் போகத்தான் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். கட்டு நனைந்து, வாசலில் மாப்பிள்ளையின் காலடித் தடம் ஒவ்வொன்றும் சிவப்பாக இருந்ததைப் பார்த்தார். ரிக்‌ஷாவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பச் சொன்னார்.

கால் தப்பியது. மாசிமா அதைச் சொல்லாத வீடு இல்லை. அவர் மாப்பிள்ளைக்கு ஒன்று கிடைத்தால் மற்ற மாமியார்கள் விடுவார்களா? இப்போது சஷ்டிக்கு முன்பே மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து டாக்டரிடம் காலை நீட்டுகிறார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் டப்பா கட்டுகிறார். கிளினிக்கில் ஒருநாளும் இவ்வளவு கூட்டம் இருந்ததில்லை. பலகை இன்னும் தொங்குகிறது.

அப்பா இப்போது ஜன்னலைக் காட்டுவதில்லை. அவர் காலையும் டாக்டர் பார்த்துவிட்டார்.

உங்கள் தெருவிலும் மாப்பிள்ளைகள் இருப்பார்கள். இந்தக் கதையை அவர்களுடைய மாமியார்களிடம் சொல்லுங்கள். மாப்பிள்ளைகளிடம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.